சாட்சல் பேஜ் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாருங்க இந்த சாட்சல் பேஜ்?

அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்துல பந்து போட்டவரு. முழுப்பேரு லீராய் ராபர்ட் பேஜ், 1906 ஜூலை 7 அன்னைக்கு அலபாமா மாநிலத்துல மொபைல்ங்குற துறைமுக ஊர்ல பொறந்தவரு. 1920கள் நடுவுல ஆரம்பிச்சு 1960கள் நடுவு வரைக்கும், கிட்டத்தட்ட நாப்பது வருஷம் காசு வாங்கிட்டு பந்து போட்டிருக்காரு. கறுப்பினத்தவர்ங்குற ஒரே காரணத்துக்காக பேஸ்பாலோட உச்ச மட்டமான மேஜர் லீக் கதவை இவருக்கு மூடியே வெச்சிருந்தாங்க, அது திறக்கும்போது இவருக்கு 42 வயசு, மத்தவங்க எல்லாம் ரிட்டயர் ஆகி வீட்ல உக்காந்திருக்குற வயசு, அப்போதான் இவரு "புதுமுகம்".

இவரை ஒரு வேடிக்கைக்காரரா மட்டும் எழுதிட்டுப் போறவங்க நிறைய பேரு. நான் அதை ஒத்துக்கவே மாட்டேன். அந்த ஆர்ப்பாட்டம்தான் அவருக்கு சோறு போட்டுச்சு, அதேதான் அவரோட ரோஷத்தையும் காப்பாத்துச்சு. இத மனசுல வெச்சுக்கிட்டு மீதியைப் படிங்க.

எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும், புரியுமா?

புரியும். பிட்சர்னா பந்து போடுறவரு, மவுண்டுன்னு ஒரு சின்ன மண்மேட்டு மேல நின்னு 60 அடி 6 அங்குலம் தள்ளி இருக்குற ஹோம் பிளேட்டை நோக்கி வீசணும், பந்து தரையில படக்கூடாது. பிளேட்டோட அகலம் 17 அங்குலம்தான். அதுக்கு மேல, பேட்டரோட முட்டிக்கும் நெஞ்சுக்கும் நடுவுல பந்து போனா ஸ்ட்ரைக், மூணு ஸ்ட்ரைக் ஆனா அவுட், அதுதான் ஸ்ட்ரைக் அவுட். எதிர் டீமுக்கு ஒரு ரன் கூட விடாம முடிச்சா ஷட் அவுட், ஒரு ஹிட் கூட விடாம முடிச்சா நோ-ஹிட்டர். ஹோம் பிளேட்டோட சேத்து நாலு மூலையில இருக்குறதுதான் பேஸ், பந்தை அடிச்சிட்டு ஓடி பேஸ்ல பத்திரமா சேந்தா ஹிட். இவ்வளவு போதும்.

சாட்சல்ங்குற பேரு எப்படி வந்துச்சு?

வீட்ல பிள்ளைங்க நிறைய, அப்பா தோட்ட வேலை, அம்மா லூலா துணி துவைச்சு சம்பாதிச்சவங்க. பையன் ரயில்வே ஸ்டேஷன்ல பெட்டி தூக்கப் போனான். ஒவ்வொரு பையா தூக்கினா காசு கம்மியா வருதுன்னு ஒரு கம்பும் கயிறும் வெச்சு ஒரே நேரத்துல நாலஞ்சு பையை மாட்டிட்டு நடந்தான், அதைப் பாத்து மத்த பசங்க சாட்சல்னு, அதாவது தோள்பைன்னு, கூப்ட ஆரம்பிச்சாங்க, இது அவரு சொன்ன கதை. அவரோட பால்ய நண்பர் ஒருத்தரு, இல்ல இல்ல, ஒரு பையைத் திருடப் போயி மாட்டிக்கிட்டான், அதனால வந்த பேருன்னு சொல்லியிருக்காரு. இவரு வாழ்க்கையில எந்தக் கதைக்கும் குறைஞ்சது ரெண்டு வெர்ஷன் இருக்கும், இப்பவே பழகிக்கோங்க.

பந்து போட எங்க கத்துக்கிட்டாரு?

சிறுவர் சீர்திருத்தப் பள்ளியில. 1918ல, 12 வயசுல, ஒரு கடையில பொம்மை மோதிரம் திருடினாருன்னு பிடிச்சு மவுண்ட் மெக்ஸ்ங்குற இடத்துல கறுப்பினச் சிறுவர்களுக்குன்னு இருந்த பள்ளிக்கு அனுப்பிட்டாங்க. 1923 கடைசியிலதான் வெளிய விட்டாங்க. பொம்மை மோதிரத்துக்கு அஞ்சு வருஷம். அந்தக் காலத்து அலபாமாவுல ஒரு கறுப்பினப் பையனுக்கு நியாயம் எந்த அளவுக்குக் கிடைச்சுச்சுன்னு இதுலயே தெரிஞ்சிடும்.

ஆனா அங்க எட்வர்ட் பேர்டுன்னு ஒரு கோச் இருந்தாரு. உயரமும் நீளமான கையும் காலும் இருக்குற இந்தப் பையனைப் பாத்து, முன்னங்காலை வானம் மறையுற அளவுக்கு ஒசத்து, கையைச் சுழட்டிக் கொண்டுவந்து கடைசி நொடியில விடு, பந்து எங்கிருந்து வருதுன்னே பேட்டருக்குத் தெரியக்கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தாரு. பின்னாடி அமெரிக்கா முழுக்க ஜனங்க காசு கொடுத்துப் பாத்த அந்த உதை அங்க கத்துக்கிட்டதுதான். சுதந்திரத்தோட அஞ்சு வருஷத்தை கொடுத்து பந்து போடக் கத்துக்கிட்டேன்னு பின்னால அவரே சொல்லியிருக்காரு.

நல்ல பிட்சர்னா நேரா மேஜர் லீக்குக்கே போயிருக்கலாமே?

போக முடியாது. 1880களோட கடைசியில இருந்தே கறுப்பினத்தவங்களை எடுக்குறதில்லன்னு டீம் முதலாளிங்களுக்குள்ள ஒரு எழுதாத ஒப்பந்தம், எந்த ரூல் புத்தகத்துலயும் இருக்காது, ஆனா ஒருத்தரும் மீற மாட்டாங்க. அதனால 1920ல ரூப் ஃபாஸ்டர் தலைமையில கறுப்பின டீம்களோட முதலாளிங்க கன்சாஸ் சிட்டியில கூடி நீக்ரோ நேஷனல் லீக்கை ஆரம்பிச்சாங்க (அன்னைக்கு லீக்கோட பேரே அதுதான், அதனால அப்படியே எழுதுறேன்). பேஜ் 1926ல சட்டனூகா டீம்ல சேந்தாரு, 1927ல பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸுக்குப் போனாரு, 1930களோட தொடக்கத்துல பிட்ஸ்பர்க் க்ராஃபர்ட்ஸ். அந்த க்ராஃபர்ட்ஸ் டீம்ல ஜோஷ் கிப்ஸன், கூல் பாப்பா பெல், ஆஸ்கர் சார்ல்ஸ்டன், ஜூடி ஜான்சன்னு இருந்தவங்க அத்தனை பேரும் பின்னாடி பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான கௌரவ மண்டபமான ஹால் ஆஃப் ஃபேம் போனவங்க. 1934 ஜூலை 4, ஹோம்ஸ்டெட் க்ரேஸ் டீமுக்கு எதிரா நோ-ஹிட்டர், 17 ஸ்ட்ரைக் அவுட். அதே ஊர்க்காரங்க, கடும் போட்டி உள்ள டீம், அவங்களுக்கு எதிரா!

அப்படி என்னதான் ஷோ காட்டுவாரு?

முதல்ல நடை. டக்அவுட்ல இருந்து மவுண்டுக்கு அவசரமே இல்லாம, ஒவ்வொரு அடியா, முட்டி மடங்குதா இல்லையான்னு சந்தேகம் வர்ற மாதிரி நடந்து வருவாரு, அதுக்கே கூட்டம் சிரிக்க ஆரம்பிச்சிடும். ஆளு ஆறடி மூணு அங்குலம், ஒல்லி, கால் பெருசு. வார்ம் அப்ல ஹோம் பிளேட்டுக்குப் பதிலா சூயிங்கம் சுத்தின காகிதத்தைத் தரையில வெச்சு, அதுக்கு மேலயே வரிசையா பந்தைப் போட்டுக் காட்டுவாரு. அப்புறம் கையை ராட்டினம் மாதிரி ஒரு தடவை சுத்துறது, ரெண்டு தடவை சுத்துறது, சில சமயம் சுத்தாமயே சட்டுனு விட்டுடுறது. பேட்டரு எந்த நேரத்துல ரெடியாகணும்னே தெரியாம நிப்பான்.

சின்ன ஊர்கள்ல நடக்குற காட்சி மேட்சுகளுக்கு, முதல் ஒன்பது பேரையும் ஸ்ட்ரைக் அவுட் ஆக்குவாருன்னு போஸ்டர்லயே போட்டு டிக்கெட் விப்பாங்க. சில மேட்சுல அவுட்ஃபீல்டர்களை எல்லாம் உள்ள கூப்பிட்டு, சும்மா உக்காருங்கப்பான்னு சொல்லிட்டு, பின்னாடி மொத்த மைதானத்தையும் காலியா விட்டுட்டு பந்து போட்டிருக்காரு. ஒரே ஒரு பந்து பேட்ல பட்டு தூக்கிட்டுப் போனா மானம் கப்பலேறிடும். அதுதான் நான் சொல்ல வர்றது. கோமாளித்தனம் பண்றவனுக்கு தப்பானா சிரிச்சு மழுப்பிக்கலாம், இவருக்கு அந்த வசதி கிடையாது, சொன்னதைச் செஞ்சே ஆகணும், இல்லன்னா அடுத்த ஊர்ல டிக்கெட் விக்காது. இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் அடியில இருந்தது கன்ட்ரோல், நினைச்ச இடத்துல பந்தை வைக்குற கன்ட்ரோல்.

பந்துக்கெல்லாம் பேரு வெச்சிருந்தாராமே?

ஆமா. பீ பால், ட்ரபிள் பால், லாங் டாம், மிட்நைட் ரைடர், பேட் டாட்ஜர், ஜம்ப் பால்னு ஒரு பெரிய பட்டியல். உண்மையில இளவயசுல அவரு போட்டதுல முக்கால்வாசி வேகப்பந்துதான். ஒரே வேகப்பந்துக்கு நாலு பேரு வெச்சா பேட்டரு நாலு விதமா யோசிப்பான், பத்திரிகைக்காரன் நாலு பத்தி எழுதுவான். பின்னாடி வயசாகி வேகம் குறைஞ்சப்போ கர்வ், நக்கிள் பால்னு நிஜமாவே நிறைய கத்துக்கிட்டாரு. நாப்பது வயசுக்கு மேல ஒருத்தரு புதுசா தொழில் கத்துக்கிட்டு அந்த லெவல்ல நின்னாரே, அதை யாரும் பெருசா பேச மாட்டேங்குறாங்க.

ஹெசிடேஷன் பிட்ச்னா என்ன?

பந்து போடும்போது முன்னங்கால் தரையில ஊணின உடனே கையும் சேந்து வரணும், அதுதான் வழக்கம், பேட்டரும் அந்தத் தாளத்தை வெச்சுதான் பேட்டை வீசுவான். இவரு காலை ஊணிட்டு கையை அப்படியே ஒரு கணம் நிறுத்திடுவாரு. பேட்டரு அதுக்குள்ள வீசி முடிச்சிருப்பான், பந்து அப்புறமா நிதானமா வரும். 1948ல மேஜர் லீக்ல இதைப் போட ஆரம்பிச்சதும் எதிர் டீமுங்க புகார் பண்ணி, மேஜர் லீக்ல ஒரு பாதியான அமெரிக்கன் லீக்கோட தலைவர் வில் ஹாரிட்ஜ் அதை சட்டவிரோதம்னு அறிவிச்சிட்டாரு. இருபது வருஷமா எல்லா மைதானத்துலயும் போட்ட பந்து அது!

காசுக்காக டீம் விட்டு டீம் தாவினவர்தானே?

தாவினாரு, அதுல மறைக்க ஒண்ணுமில்ல. கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டுட்டு வேற ஊருக்குக் கார் ஓட்டிட்டுப் போயிடுவாரு. க்ராஃபர்ட்ஸ் முதலாளி கஸ் க்ரீன்லீ இவரால பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல. ஆனா ஒண்ணு யோசிங்க, அவரோட நிஜமான விலையைக் கொடுக்கக்கூடிய ஒரே சந்தையை தோல் நிறத்தைக் காட்டி பூட்டி வெச்சிருக்காங்க, கை ஒண்ணுதான் சொத்து, அது எத்தனை வருஷம் தாங்கும்னு யாருக்கும் தெரியாது. அப்போ அதிகமா கொடுக்குறவன்கிட்ட போறது எனக்குத் தப்பாத் தெரியல. கூட ஆடினவங்க பாதிக்கப்பட்டாங்க, அது உண்மைதான், நம்ம ஸ்டார் வருவாரா மாட்டாரான்னு தெரியாமலே பஸ் ஏறியிருக்காங்க. ஆனா அவரு வந்த நாள்ல நிரம்பின கேட்லதான் பல டீமுக்கு அந்த மாசச் சம்பளமே வந்துச்சு, அதையும் சேத்துத்தான் கணக்குப் போடணும்.

1933லயும் 1935லயும் வடக்கு டகோட்டாவுல பிஸ்மார்க்ங்குற ஊருக்குப் போனாரு. நீல் சர்ச்சில்னு ஒரு கார் வியாபாரி நடத்தின டீம், வெள்ளைக்காரங்களும் கறுப்பினத்தவங்களும் ஒண்ணா ஆடினாங்க, மேஜர் லீக்ல அந்தத் தடையை உடைச்ச ஜாக்கி ராபின்சனுக்குப் பன்னெண்டு வருஷம் முன்னாடியே. ஆனா மைதானத்துல ஒண்ணா ஆடலாம், குடியிருக்க வீடு தர மாட்டாங்க, பேஜும் அவரு மனைவியும் பழைய ரயில் பெட்டி ஒண்ணுல குடித்தனம் பண்ணாங்க. 1935ல கன்சாஸ்ல விசிட்டா ஊர்ல நடந்த முதல் தேசிய செமி-ப்ரோ போட்டியில அந்த டீம் கப் அடிச்சுது, பேஜ் மட்டும் 60 ஸ்ட்ரைக் அவுட்.

டொமினிக்கன் சர்வாதிகாரிக்காக ஆடினாருன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். 1937. ரஃபேல் ட்ருஹியோ ஆட்சி, தலைநகரத்துக்கே தன் பேரை வெச்சு சியுடாட் ட்ருஹியோன்னு ஆக்கியிருந்தாரு. அந்தப் பேர்ல இருக்குற டீம் தோக்கலாமா? ஆளுங்க வந்து பேஜைப் பிடிச்சு, 30,000 டாலர் வரைக்கும் கொடுத்து, நீயே ஆளுங்களைச் சேத்துக்கோன்னு சொன்னாங்க. ஜோஷ் கிப்ஸன், கூல் பாப்பா பெல் எல்லாரும் கிளம்பிட்டாங்க, க்ராஃபர்ட்ஸ் டீமே கலகலத்துப் போச்சு. அங்க போனா துப்பாக்கியோட சிப்பாய்ங்க சுத்தி நிக்க ஆட வேண்டியிருந்துச்சு, தோத்தா உயிரோட ஊர் திரும்ப மாட்டோம்னு பயந்தோம்னு பேஜ் பின்னாடி பல தடவை சொன்னாரு. ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியோட எண்ணிக்கை கூடிட்டே போச்சு, அதையும் சொல்லிடுறேன். ஆனா டீம் ஜெயிச்சுது.

திரும்பி வந்தா லீக்ல தடை. இவங்க என்ன பண்ணாங்க, ட்ருஹியோ ஆல்-ஸ்டார்ஸ்னு பேரு போட்டுக்கிட்டு ஊர் ஊரா ஆடப் போயிட்டாங்க, டென்வர்ல நடந்த பெரிய போட்டியையும் அடிச்சாங்க. தடை போட்டவங்களுக்குக் கூட்டமும் போச்சு, காசும் போச்சு.

நடுவுல கை வேலை செய்யாமப் போச்சாமே?

1938ல மெக்சிகோவுல ஆடும்போது தோள் போயிடுச்சு. கையைத் தூக்கவே முடியல. இனிமே பந்து போட முடியாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. வயசு 32. அதுவரைக்கும் பின்னாடியே ஓடி வந்த முதலாளிங்க ஒருத்தரும் போன் எடுக்கல.

எடுத்தவரு ஒருத்தரு, கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் முதலாளி ஜே.எல். வில்கின்சன். வெள்ளைக்காரரு. 1930லயே லாரியில விளக்குக் கம்பம் ஏத்திட்டுப் போயி ராத்திரி மேட்ச் நடத்தினவரு, மேஜர் லீக்குக்கு அஞ்சு வருஷம் முன்னாடி. அவரு பேஜை ரெண்டாவது டீம்ல சேத்துக்கிட்டு, பந்து போட வேண்டாம், ஃபர்ஸ்ட் பேஸ்ல நில்லு, ஒண்ணு ரெண்டு மெதுவான பந்து போடு, உன் பேருக்கு ஜனங்க வருவாங்கன்னு அனுப்பினாரு. ட்ரெய்னர் ஃப்ராங்க் ஃப்ளாய்டு தினமும் அந்தத் தோளை நீவி விட்டாரு. 1939ல ஒரு நாள் வலி இல்லாம பந்து போச்சு. அதுக்கப்புறம்தான் இவரு சாதனையில பாதியே வருது. வில்கின்சனுக்கு இவரு கடைசிவரை விசுவாசமா இருந்தாரு, நிறைய வருஷம் மோனார்க்ஸ்லயே தங்கினாரு, தாவுறவர்னு சொல்றவங்க இந்த இடத்தை மட்டும் தாண்டிப் போயிடுவாங்க.

வேணும்னே மூணு பேரை பேஸ்ல ஏத்திட்டு ஜோஷ் கிப்ஸனை அவுட் பண்ணாராமே?

நீக்ரோ லீக்ல எல்லாரும் கேக்க ஆசைப்படுற கதை இதுதான். 1942 நீக்ரோ லீக் வேர்ல்ட் சீரிஸ், அதாவது பட்டத்துக்கான கடைசித் தொடர், மோனார்க்ஸுக்கும் க்ரேஸுக்கும், இடம் பிட்ஸ்பர்க் ஃபோர்ப்ஸ் ஃபீல்ட். கிப்ஸன்னா அந்தக் காலத்துல பந்தை அடிச்சா எங்க விழுதுன்னு தேடிட்டுப் போகணும், அப்படி ஒரு பேட்டரு. கதை என்னன்னா, ரெண்டு பேருக்கு வேணும்னே தள்ளிப் பந்து போட்டு பேஸுக்குச் சும்மா நடக்க விட்டு, மூணு பேஸையும் நிரப்பி, கிப்ஸனை வரவழைச்சு, இப்ப முட்டிக்கிட்ட வேகமா ஒண்ணு போடப் போறேன், அடுத்ததும் அப்படித்தான்னு சொல்லிச் சொல்லிப் போட்டு, மூணே பந்துல கிப்ஸன் பேட்டைத் தோள்ல இருந்து இறக்காமலே அவுட்.

அன்னைக்கு பேப்பர்ல வந்த விவரத்துக்கும் இந்தக் கதைக்கும் பேஸ் எப்படி நிரம்புச்சுங்குறதுல ஒத்துப்போகல. பேஸ் நிரம்பியிருந்தப்போ கிப்ஸனை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினது மட்டும் நிஜம். மோனார்க்ஸ் அந்த சீரிஸை 4-0ன்னு எடுத்துட்டாங்க. எனக்கு அந்த நிஜமே போதும்.

வெள்ளைக்கார ஸ்டாருங்களை எதிர்த்து ஆடியிருக்காரா?

நிறைய. சீசன் முடிஞ்சதும் மேஜர் லீக் ஆளுங்க ஊர் ஊராப் போயி காட்சி மேட்ச் ஆடுவாங்க. 1934ல டிஸி டீன், அந்த வருஷம் 30 மேட்ச் ஜெயிச்ச பிட்சர், அவரும் வாய் ஓயாத ஆர்ப்பாட்டக்காரரு, இவரோட மோதிட்டு, நான் பாத்த பிட்சர்லயே பெரியாளு பேஜ்தான்னு வெளிப்படையா சொன்னாரு. 1936ல கலிஃபோர்னியாவுல ஓக்லாண்ட்ல ஜோ டிமாஜியோ இவரை எதிர்த்து ஆடி ரொம்ப கஷ்டப்பட்டு ஒரே ஒரு ஹிட் எடுத்தாரு, அந்த ஒண்ணை வெச்சுத்தான் பையன் நியூயார்க் யாங்கீஸ் டீமுக்குத் தேறிட்டான்னு முடிவு பண்ணாங்கன்னு சொல்வாங்க. 1946ல பாப் ஃபெல்லர் கூட ரெண்டு விமானம் வெச்சுக்கிட்டு நாடு முழுக்க டூர்.

ஆக மோத விட்டா இவரு யாருக்கும் சளைச்சவரில்லன்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் எடுக்கல. எனக்கு ரொம்ப ஆத்திரம் வர்ற இடம் இதுதான்.

முதல் ஆளா ஜாக்கி ராபின்சனை எடுத்தப்போ இவருக்குக் கோபம் வரலையா?

கோபத்தை விட வருத்தம். 1945ல ராபின்சன் மோனார்க்ஸ்லதான், பேஜோட டீம்லதான் ஆடிட்டிருந்தாரு, இன்னும் ஒரு சீசன் கூட முழுசா ஆகாத பையன். அந்த அக்டோபர்ல ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் அவரைக் கையெழுத்து வாங்கினாங்க, 1947 ஏப்ரல் 15 மேஜர் லீக்ல இறங்கினாரு. வெளிய கேட்டவங்ககிட்ட பேஜ், நல்ல ஆளைத்தான் எடுத்திருக்காங்கன்னு பெருந்தன்மையா சொன்னாரு. உள்ளுக்குள்ள, அது நானா இருந்திருக்கணும்ங்குற வலி கடைசிவரை இருந்துச்சு, அதை அவரே பின்னாடி சொல்லிட்டாரு. ராபின்சன் செஞ்சதோட பெருமையை இது குறைக்கல. கதவை இத்தனை வருஷம் தட்டிக் கை வீங்கினவருக்கும் ஒரு நியாயம் இருக்குல்ல.

1948ல என்ன நடந்துச்சு?

க்ளீவ்லாண்ட் இண்டியன்ஸ் முதலாளி பில் வீக். அவரே ஒரு பெரிய ஷோமேன். டீம் பட்டத்துக்குப் போட்டி போட்டுட்டிருக்கு, பிட்சர் பத்தல. பேஜைக் கூப்பிட்டு மேனேஜரும் ஆட்டக்காரருமான லூ பூத்ரோ முன்னாடி போடச் சொன்னாரு, பூத்ரோ தானே பேட்டைப் பிடிச்சுப் பாத்தாரு, ஒழுங்கா ஒண்ணும் அடிக்க முடியல. 1948 ஜூலை 7, 42ஆவது பிறந்தநாள் அன்னைக்கே கையெழுத்து. ரெண்டு நாள்ல களம்.

ஸ்போர்ட்டிங் நியூஸ் பத்திரிகை ஆசிரியர் டெய்லர் ஸ்பிங்க், இது விளம்பரத்துக்காக பண்றது, மேஜர் லீக்குக்கே கேவலம்னு தலையங்கம் எழுதினாரு. பேஜ் வாயால பதில் சொல்லல. ஆகஸ்ட் 3 முதல் ஸ்டார்ட், அதாவது மேட்ச் தொடக்கத்துல இருந்தே பந்து போட்டது, வாஷிங்டனுக்கு எதிரா, மைதானத்துல 72,562 பேரு, ஜெயிச்சாரு. ஆகஸ்ட் 13 சிகாகோவுல 5-0 ஷட் அவுட். ஆகஸ்ட் 20 மறுபடி க்ளீவ்லாண்ட், 78,382 பேரு, 1-0 ஷட் அவுட். மூணு மேட்ச்சுக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல ஜனம்! வருஷக் கணக்கு 6 வெற்றி, 1 தோல்வி, 2.48 ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஒரு முழு மேட்ச்சுக்கு சராசரியா ரெண்டரை ரன்தான் விட்டாரு.

விளம்பரம்னு சொன்னவங்க இதையும் பாக்கணும்: அந்த வருஷம் க்ளீவ்லாண்டும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் சமமா முடிச்சு, ஒரே ஒரு கூடுதல் மேட்ச் வெச்சுத்தான் லீக் பட்டம் முடிவாச்சு. இவரோட ஆறு வெற்றியில ஒண்ணு குறைஞ்சிருந்தா அந்தக் கூடுதல் மேட்ச்சே இல்ல. மேஜர் லீக் வேர்ல்ட் சீரிஸ்ல மட்டும் பூத்ரோ இவரை ஸ்டார்ட் பண்ண விடல, அஞ்சாவது மேட்ச்ல ரெண்டே பேட்டருக்கு இறக்கினாரு, 86,288 பேரு முன்னாடி. மேஜர் லீக் வேர்ல்ட் சீரிஸ்ல பந்து போட்ட முதல் கறுப்பினப் பிட்சர்ங்குற பெருமை கிடைச்சுச்சு, ஆனா அந்த ரெண்டு பேட்டரு மட்டும்தான்ங்குறது அவருக்கு ஆறவே இல்ல. டீம் கப் ஜெயிச்சுது, அதுக்கப்புறம் க்ளீவ்லாண்ட் வேர்ல்ட் சீரிஸ் ஜெயிக்கவே இல்ல.

அவரு வயசு உண்மையில எவ்வளவு?

மொபைல் ஊர்ப் பிறப்புப் பதிவுல 1906. ஆனா அவரு ஜாலியா, பிறப்புச் சான்றிதழை அம்மா பைபிளுக்குள்ள வெச்சிருந்தாங்க, ஆடு தின்னுடுச்சுன்னு சொல்லிட்டே இருந்தாரு. பத்திரிகைக்காரங்க துரத்தத் துரத்த வேற வேற வருஷம் சொன்னாரு. வயசு தெரியாத ஆளுங்குறதே ஒரு டிக்கெட்டுதானே. 1953ல ஒரு பத்திரிகையில இளமையா இருக்க ஆறு விதின்னு இவரு பேர்ல வந்துச்சு, அதுல கடைசி விதி, திரும்பிப் பாக்காதே, ஏதாவது உன்னை நெருங்கி வந்துட்டு இருக்கலாம்ங்குறது.

க்ளீவ்லாண்டுக்கு அப்புறம்?

வீக் டீமை வித்ததும் இவரையும் அனுப்பிட்டாங்க. வீக் 1951ல செயின்ட் லூயிஸ் ப்ரௌன்ஸை வாங்கினதும் முதல் வேலையா இவரைக் கூப்பிட்டாரு. பிட்சருங்க காத்திருக்குற புல்பென்ல இவருக்குன்னு ஒரு ஆடும் நாற்காலி போட்டாங்க. நாற்காலி படத்தைத்தான் எல்லாரும் பகிர்றாங்க, ஆனா 1952 ஆகஸ்ட் 6 அன்னைக்கு டெட்ராய்ட்டுக்கு எதிரா பன்னெண்டு இன்னிங்ஸ், ஆமா பன்னெண்டு, தனியாளா போட்டு 1-0ன்னு ஷட் அவுட் ஜெயிச்சாரு, வயசு 46. இன்னைக்கு இருபத்தஞ்சு வயசுப் பசங்க ஆறு இன்னிங்ஸ் போட்டா கைதட்டுறோம். அந்த வருஷம் 12 வெற்றி, அதுவும் கடைசி வரிசையில கிடந்த டீமுக்கு, ஆல்-ஸ்டார்லயும் தேர்வு, அடுத்த வருஷமும்.

அப்புறம் மேஜர் லீக்குக்குக் கீழ்மட்டமான மைனர் லீக்ல மயாமி மார்லின்ஸ், 1956ல இருந்து 1958 வரைக்கும். அங்க அறிமுகம் ஹெலிகாப்டர்ல வந்து இறங்கி. 1956லயே ஆரஞ்சு பௌல் ஸ்டேடியத்துல இவரு பந்து போட்ட மேட்ச்சுக்கு 50,000 பேருக்கு மேல. மைனர் லீக் மேட்ச்சுக்கு!

59 வயசுல மேஜர் லீக்ல ஆடினது உண்மையா?

உண்மை, ரெக்கார்ட்ல இருக்கு. 1965 செப்டம்பர் 25, கன்சாஸ் சிட்டி அத்லெடிக்ஸ், எதிர்ல பாஸ்டன் ரெட் சாக்ஸ். முதலாளி சார்லி ஃபின்லி கூட்டம் சேக்கப் பண்ண ஏற்பாடு, புல்பென்ல ஆடும் நாற்காலி, பக்கத்துல ஒரு நர்ஸ், எல்லாம் உண்டு. ஆனா மவுண்டுக்குப் போனதும் விளையாட்டு இல்ல. மூணு இன்னிங்ஸ், ரன் பூஜ்யம், ஒரே ஒரு ஹிட், அதுவும் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி ரெண்டு பேஸ் ஓடுற மாதிரி அடிச்ச டபுள், அவரே பின்னாடி ஹால் ஆஃப் ஃபேம் போனவரு. நாலாவது இன்னிங்ஸ் தொடக்கத்துல கைதட்டு வாங்கிட்டுப் போறதுக்காக மவுண்டுக்கு வந்து நின்னுட்டுத் திரும்பினாரு, விளக்கை அணைச்சிட்டு ஜனங்க தீக்குச்சி கொளுத்திப் பாட்டு பாடினாங்க. மேஜர் லீக்ல ஆடின மூத்த ஆளு இன்னைக்கும் இவர்தான்.

1968ல அட்லாண்டா ப்ரேவ்ஸ் இவரை எடுத்தது ஆடுறதுக்கு இல்ல. பென்ஷனுக்கு 158 நாள் குறைஞ்சுது, அதை நிரப்பக் கொடுத்த வேலை. சின்ன வயசுலயே எடுத்திருந்தா இந்தக் கருணையே தேவைப்பட்டிருக்காது.

ஹால் ஆஃப் ஃபேம்ல தனியா வைக்கப் பாத்தாங்களாமே?

ஆமா. 1971ல நீக்ரோ லீக் ஆளுங்களுக்குன்னு ஒரு கமிட்டி போட்டு, முதல் ஆளா பேஜைத் தேர்ந்தெடுத்தாங்க. ஆனா மத்த ஜாம்பவான்களோட சேத்து இல்ல, தனிப் பகுதியில ஒரு காட்சியா வைப்போம்னாங்க. செத்தும் சாகாத பழைய பாகுபாடு. பத்திரிகைக்காரங்களும் ரசிகர்களும் கொதிச்சுப் போய் எழுதித் தள்ளினாங்க, கமிஷனர் போவி கூன் இறங்கி வந்தாரு, ஜூலையில முழு உறுப்பினர்னு அறிவிச்சு, ஆகஸ்ட் 9 அன்னைக்கு ஹால் ஆஃப் ஃபேம் இருக்குற கூப்பர்ஸ்டவுன்ல ஏத்துக்கிட்டாங்க. இதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, 1966ல, ரெட் சாக்ஸ் பேட்டரு டெட் வில்லியம்ஸ் தன்னை ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்த மேடையில பேஜ், கிப்ஸன் பேரைச் சொல்லி இவங்களும் ஒருநாள் இங்க வரணும்னு பேசினாரு, அந்தப் பேச்சும் ஒரு விதை.

2000 வெற்றி, 50க்கு மேல நோ-ஹிட்டர்னு சொல்றதெல்லாம் நம்பலாமா?

அது அவரே சொன்ன கணக்கு, காட்சி மேட்ச், கரீபியன், மெக்சிகோ எல்லாம் சேத்து. பாதிக்கு ஸ்கோர் ஷீட்டே கிடையாது, அதனால சரி தப்புன்னு யாராலும் முடிக்க முடியாது. அதிகாரப்பூர்வமா பாத்தா, மேஜர் லீக்ல மட்டும் 28 வெற்றி, 31 தோல்வி. 2020 டிசம்பர்ல நீக்ரோ லீக்குகளையும் மேஜர் லீக்னு அங்கீகரிச்சு, 2024 மே மாசம் அந்தப் புள்ளிவிவரத்தையும் சேத்தப்போ இவரு வெற்றி 125 ஆச்சு. 1944ல மோனார்க்ஸுக்கு எடுத்த 1.01 ஈஆர்ஏ ஒரே சீசன் பட்டியல்ல மூணாவது இடம்.

ஆளு எப்படி?

காரு, சூட்டு, மீன்பிடி, நேரத்துக்கு வராதது, இதெல்லாம் எல்லாரும் சொல்வாங்க. எனக்குப் பிடிச்சது பக் ஓ'நீல் சொன்ன ரெண்டு கதை. மோனார்க்ஸ்ல கூட ஆடினவரு.

முதல் கதை. நான்சின்னு ஒரு பொண்ணை ஹோட்டலுக்கு வரச் சொல்லியிருக்காரு பேஜ், அதே நேரம் பாத்து கல்யாணம் பண்ணிக்கப் போற லஹோமா வந்து இறங்கிட்டாங்க. ஓ'நீல் சமாளிச்சு நான்சிக்கு வேற ரூம் போட்டாரு. ராத்திரி பேஜ் போயி அந்த ரூம் கதவை மெதுவா தட்டி நான்சி நான்சின்னு கூப்பிட, இந்தப் பக்கம் லஹோமா கதவைத் திறக்குறாங்க, ஓ'நீல் ஓடி வந்து "என்ன சாட்ச், கூப்டியா?"ன்னு கேட்டாரு. அன்னைல இருந்து கடைசிவரை ஓ'நீலுக்குப் பேரு நான்சி.

ரெண்டாவது, தெற்கு கரோலினாவுல சார்ல்ஸ்டன் பக்கம் ட்ரம் ஐலண்ட். அடிமைங்களைக் கொண்டுவந்து ஏலம் விட்ட இடம்னு ஓ'நீல் சொல்வாரு. பேஜ் ஓ'நீலைக் கூட்டிட்டுப் போயி ரொம்ப நேரம் பேசாம நின்னுட்டு, நான் இங்க முன்னாடியே வந்த மாதிரி இருக்குன்னு சொன்னாராம், எனக்கும் அப்படித்தான் இருக்குன்னாரு ஓ'நீல். சிரிச்ச முகத்தை மட்டும் பாத்தவங்களுக்கு இந்தப் பேஜைத் தெரியாது. சாப்பாடும் தங்க இடமும் தராத ஊர்ல ஆட மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சவரும் இதே ஆளுதான்.

எப்ப இறந்தாரு? அவரு நினைவா எங்க என்ன பாக்கலாம்?

1982 ஜூன் 8, கன்சாஸ் சிட்டியில. அதுக்கு மூணு நாள் முன்னாடிதான் அந்த ஊர்ல ஒரு மைதானத்துக்கு இவரு பேரு வெச்சாங்க, சக்கர நாற்காலியில வந்திருந்தாரு.

போக முடிஞ்சவங்க கன்சாஸ் சிட்டியில நீக்ரோ லீக் பேஸ்பால் மியூசியத்துக்குக் கண்டிப்பா போங்க, 18ஆவது தெருவும் வைன் தெருவும் சேர்ற இடம். உள்ள ஒரு குட்டி மைதானம் வெச்சு வெண்கலச் சிலையா ஆட்டக்காரங்களை அவங்கவங்க இடத்துல நிறுத்தியிருக்காங்க, மவுண்ட்ல பேஜ், பிளேட்டுக்குப் பின்னாடி கேட்சரா கிப்ஸன். பர்மிங்ஹாம்ல அவரு இளவயசுல ஆடின ரிக்வுட் ஃபீல்ட் 1910ல கட்டினது, இன்னும் நிக்குது, 2024 ஜூன்ல மேஜர் லீக்காரங்களே அங்க வந்து ஒரு மேட்ச் ஆடினாங்க. ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா நான் மியூசியத்தைத்தான் சொல்வேன், பேஜைப் பாக்கப் போயி கூட ஆடின நூறு பேரைத் தெரிஞ்சுக்கிட்டு வருவீங்க.